யாரும் கிழிக்காத அஞ்சலித் தாள்

"பைத்தியம்னு இன்னொரு தடவ சொன்னீன்னா, யோர்தான்கா, இந்தக் காப்பி உன் மடியிலதான்."

"நான் எங்கக்கா சொல்றேன்? ஊரே சொல்லுது. உசுரோட இருக்கிறவன் தன் மூஞ்சியப் போட்டுத் தனக்கே அஞ்சலி ஒட்டிக்கிட்டா, அவன வேற என்னன்னு சொல்றது?"

"ஊருன்னா யாரு? நீயும் உன் நாத்தனாரும்தானே?"

"சரி, புத்தி சரியா இருந்தவன எதுக்கு அத்தன வருஷம் விடுதியில வச்சிருந்தாங்க? அதச் சொல்லு."

மிதோவின் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யோர்தான்கா இதைக் கேட்டாள். இவள் மட்டுமா? ரொட்டி வாங்க வருகிறவர்கள், கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்கள், எல்லோருக்கும் இதே கேள்விதான். உள்ளே வைத்திருந்தார்கள், அதனால் பைத்தியம். பைத்தியம், அதனால் உள்ளே வைத்திருந்தார்கள். செக்கு மாடு மாதிரி இதையே சுற்றி வருகிற ஊருக்கு நான் எத்தனை தடவை பதில் சொல்வது? எனக்கு எழுத்து தெரியாது, நாக்கு இருக்கிறது. சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். இனிமேல் கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், என்னை விட்டுவிடட்டும்.

கிரஸ்தான் எங்கள் ஊர் பேருந்தை ஓட்டியவன். கிழவிகளுக்கு நகரத்திலிருந்து மருந்து வாங்கி வருவான். பிரசவ வலி கண்டவளை நிறுத்தத்தில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்குவான். ஆனால் வண்டிக்குள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பினால் யாராக இருந்தாலும் பாலத்திலேயே இறக்கி விட்டுவிடுவான். யோர்தான்காவை ஒரு மழை நாளில் அப்படி இறக்கி விட்டிருக்கிறான். அவள் இன்று பேசுகிற பேச்சுக்கெல்லாம் அந்த மழைதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அவனும்தான். அம்மாவைப் புதைத்த மறு வாரம் பாலத்து மேல் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வசந்த காலத்தில் போனவன் கோடை முடியும்போது மெலிந்து திரும்பி வந்தான். பேச்சு கொஞ்சம் நிதானமாகியிருந்தது, அவ்வளவுதான். புத்தியில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதற்குள் அவன் சித்தப்பா மகன் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தான். இவனால் எதுவும் முடியாது, இவனுக்காக ஒரு பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று மனு. கிரஸ்தானை யாரும் கூப்பிடவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கையெழுத்து செல்லாது. ஓட்டுப் போட முடியாது, கல்யாணம் செய்ய முடியாது, சொந்த ஆட்டை விற்க முடியாது, எங்கே படுத்துத் தூங்குவது என்பதைக் கூட அவன் முடிவு செய்ய முடியாது. சித்தப்பா மகன் அவனை என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மனநோயாளிகள் விடுதியில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டு, ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனான். போனவன் போனவன்தான். பொறுப்பாளர் பதவி விடுதி இயக்குநர் மினெவா அம்மாவிடம் வந்து விழுந்தது.

இப்போது முடிச்சைப் பாருங்கள். கிரஸ்தான் வெளியே வர வேண்டுமானால் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மனுவில் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர் யார்? கதவைப் பூட்டி வைத்திருக்கிற அதே அம்மா. விவாகரத்து வேண்டும் என்று மாமியாரிடமே போய் அனுமதி கேட்கிற மாதிரி.

மினெவா அம்மா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். எல்லாவற்றுக்கும் "மேலேருந்து உத்தரவு வரணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

காலையில் வெளியே வர விடுதியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கிரஸ்தான் மிதோ கடைக்கு ரொட்டிப் பெட்டி இறக்க வருவான். முடிந்ததும் என் வீட்டுச் சமையலறையில் ஒரு காப்பி. காப்பி குடிக்கிறபோது சீட்டை மேசை மேல் வைப்பான், காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் சர்க்கரை டப்பாவை வைப்பான்.

"அந்தக் கருமத்த பையில வையேன்டா, பாக்கவே எரிச்சலா இருக்கு."

"பையில வச்சா தொலைஞ்சிடும் அத்தை. தொலைஞ்சா நான் தப்பிச்சு வந்தவன் ஆயிடுவேன்."

ஐம்பது வயது ஆள்! இந்தக் கையால் முப்பது பேர் உயிரைத் தினமும் மலை வளைவில் திருப்பியவன்!

தலைநகர் சோபியாவிலிருந்து ரலித்சா என்று ஒரு வக்கீல் பெண் விடுதியைப் பார்வையிட வந்தாள். எல்லோரும் சாப்பாடு சரியில்லை, குளிர் தாங்கவில்லை என்று சொன்னார்கள். கிரஸ்தான் கேட்டது ஒன்றே ஒன்று: "என் கையெழுத்த யார் வச்சிருக்காங்க? திருப்பி வாங்க எங்க போகணும்?" அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், ஸ்ட்ராஸ்பூர்கில் மனித உரிமைக்கென்று ஒரு நீதிமன்றம் இருக்கிறது, நம் நாட்டின் மேலேயே அங்கே வழக்குப் போடலாம் என்று. மனுவை என் சமையலறையில் வைத்துத்தான் எழுதினார்கள். கையெழுத்து அவனே போட்டான். நம் மாவட்ட நீதிமன்றத்தில் செல்லாத கையெழுத்து, எத்தனையோ நாடு தாண்டிப் போய் அங்கே செல்லுபடியானது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வருடங்கள் போயின. ஒரு நாள் தபால்காரி பதிவுத் தபாலோடு வந்தாள். கிரஸ்தான் என் வீட்டில்தான் இருந்தான்.

"உனக்குத்தான் வந்திருக்கு அண்ணே, சோபியாவிலேருந்து. ரலித்சா அனுப்பியிருக்கா."

"குடு."

"எப்படிக் குடுக்கிறது? கையெழுத்து வாங்கணும். உன் கையெழுத்துதான் செல்லாதே."

எதிர்ப்பக்கம் போய் மினெவா அம்மாவிடம் கொடுத்தாள். அவனைப் பூட்டி வைத்தது தப்பு, நீதிமன்றக் கதவை அவனுக்கு அடைத்து வைத்தது அதைவிடத் தப்பு என்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஏழு நீதிபதிகள் எழுதிய தீர்ப்பை, பூட்டி வைத்தவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். படித்தாள். "மேலேருந்து உத்தரவு வரணும்" என்றாள்.

ஜெயித்துவிட்டான் என்று நான் பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா கூடச் சுட்டேன். சுட்டு என்ன பயன்? ரலித்சா மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். பொறுப்பாளர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பொறுப்பாளரிடம் போனால் அமைச்சகத்தைக் கேட்க வேண்டும் என்றாள். அமைச்சகத்தில் கேட்டால் செயல்திட்டம் தயாராகிறது என்றார்கள். செயல்திட்டம் வந்தும் விட்டது! விடுதிக்குப் புது ஜன்னல் போட்டார்கள், மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுப் 'பாதுகாப்பான வாழ்வு மையம்' என்று வேறு பலகை மாட்டினார்கள். கதவு அதே கதவு. பூட்டு மட்டும் புதுசு, பழையதைவிட நன்றாகப் பூட்டிக்கொள்கிறது.

இதற்கு நடுவில்தான் பேராசிரியர் அம்மா வந்தாள். அன்னெலீஸ் என்று பெயர். ஹாலந்திலிருந்து இந்தச் சட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள். ரலித்சாதான் கூட்டி வந்து மொழிபெயர்த்தாள். நல்ல பெண், பிஸ்கட் டப்பாவோடு வந்தாள், அவன் கதையைக் கேட்டு நிஜமாகவே அழுதாள். புத்தகத்தை மேசை மேல் வைத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க வழக்க எல்லாப் பல்கலைக்கழகத்திலயும் சொல்லித் தராங்களாம்," என்றாள் ரலித்சா. "இந்தத் துறையில ஒரு மைல்கல்லுங்கிறாங்க."

"மைல்கல்லா?" என்றான் கிரஸ்தான். "மைல்கல்லுன்னா இருந்த எடத்திலயே இருக்கும். நான் போகணும்னு சொல்லும்மா."

"இதுல எங்கடா இருக்க நீ? காட்டச் சொல்லு," என்றேன் நான்.

அந்த அம்மா விரலை வைத்துக் காட்டினாள். எனக்கென்ன தெரியும், பூச்சி மாதிரி எழுத்து. கிரஸ்தான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பேரு இல்ல அத்தை. 'கே'ன்னு ஒரு எழுத்து மட்டும் போட்டிருக்கு. அந்தரங்கத்தக் காப்பாத்தறாங்களாம்."

"நல்லா காப்பாத்தினாங்க! இருந்த ஒண்ணும் போச்சு."

பேராசிரியர் அம்மா விடவில்லை. மனம் தளரக் கூடாது, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் வெறும் காகிதம் இல்லை, அது உயிருள்ள சாசனம், காலத்தோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது என்று விளக்கினாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் இருந்த பொருள் இப்போது இல்லை, அதனால்தான் இவனைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது என்றாள். அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ரலித்சாவும் தலையை ஆட்டினாள். கிரஸ்தான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப காகிதம் உசுரோட இருக்கு," என்றான். "நான்தான் காகிதத்தில செத்துட்டேன்."

ரலித்சா அதை மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வாரம் நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், எதிர் மின்கம்பத்தில் கறுப்புக் கரை போட்ட தாள். எங்கள் ஊரில் யார் செத்தாலும் படம் போட்டு அஞ்சலித் தாள் ஒட்டுவோம். கம்பத்தில், வீட்டுக் கதவில், பேருந்து நிறுத்தத்தில். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருடா வருடம் ஒன்று. எனக்கு எழுத்து வேண்டாம், படத்தைப் பார்த்தே யார் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வேன். கிட்டே போனேன். ஓட்டுநர் தொப்பியோடு கிரஸ்தான்!

துடைப்பம் கையிலிருந்து விழுந்துவிட்டது. நேற்றுக் காலையில் காப்பி குடித்துவிட்டுப் போனவன். விடுதியில் இந்த மாதிரி எத்தனை பேர் சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள். அவனுக்கென்று யார் இருக்கிறார்கள்? உள்ளே போய் அடுப்பில் கோதுமையை வேக வைத்தேன், செத்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி. அக்ரூட் உடைத்தேன், சர்க்கரைத் தூளைத் தூவினேன், நடுவில் மெழுகுவத்தி வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கிரஸ்தான் வாசலில் நிற்கிறான். கையில் அனுமதிச் சீட்டு.

"யாருக்கு அத்தை கோதுமை?"

"உனக்குடா பாவி!"

கையில் இருந்த கரண்டியால் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவன் சிரித்தான். அவன் அம்மா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தான், மெழுகுவத்தியை ஊதி அணைத்தான், ஒரு வாய் எடுத்துப் போட்டான்.

"சர்க்கர பத்தல."

அப்புறம்தான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினான். "ஆழ்ந்த துயரத்துடன் நினைவுகூர்கிறோம்: கிரஸ்தானின் கையெழுத்து நம்மை விட்டுப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டுகள். மாவட்ட நீதிமன்றத்தில், அவன் இல்லாத நேரத்தில், அமைதியாக உயிர் நீத்தது. துயரத்தில் வாடுபவன்: அதன் சொந்தக்காரன்."

மிதோவின் கடையில் அச்சடித்தது. ரொட்டியோடு ஊருக்கு அஞ்சலித் தாளும் அவன்தான் அடித்துத் தருகிறான். "நீ படிச்சுப் பாக்க மாட்டியா?" என்று மிதோவைக் கேட்டால், "படமும் சிலுவையும் நேரா இருக்கான்னு பாக்கிறதுதான் என் வேல பாட்டி. துக்க வீட்டு எழுத்துல நான் மூக்க நுழைக்கிறதில்ல" என்கிறான்.

மினெவா அம்மா ரோட்டுக்கு வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. காவலாளி வாச்சோவைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போடு."

வாச்சோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "அஞ்சலித் தாளக் கிழிக்கிறதா? மேடம், என் கை விளங்காமப் போறதுக்கா?"

"முட்டாளே, அவன் சாகலடா! இதோ நிக்கிறான் பாரு!"

"அப்ப அவரே கிழிக்கட்டும். அண்ணே, கிழிச்சிடறீங்களா?"

"மேலேருந்து உத்தரவு வரணும்," என்றான் கிரஸ்தான்.

அவள் சமையல்காரியைக் கேட்டாள், மாட்டேன் என்றாள். தோட்டக்காரன் காது கேளாதவன் மாதிரி போய்விட்டான். கடைசியில் அவளே கம்பத்துக்குக் கிட்டே போய்க் கையைத் தூக்கினாள். என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கின கையைத் தாள் மேல் வைக்காமல் இறக்கிக்கொண்டாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. எங்கள் ஊரில் அஞ்சலித் தாளை யாரும் கிழிக்க மாட்டோம். மழை கரைக்கும், வெயில் உரிக்கும், மனிதக் கை மட்டும் படாது. அப்படியே எல்லாக் கம்பத்திலும் கிரஸ்தான் தொப்பியோடு நின்றான். ஊர் பேச ஆரம்பித்தது அன்றுதான். பைத்தியம் முற்றிவிட்டது, சாவைத் தானே கூப்பிடுகிறான், அபசகுனம் என்று.

மினெவா அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமாக மனுப் போட மாட்டேன் என்றவள், ஒரே வாரத்தில் மனுப் போட்டாள்! இவன் நிலைமை மோசமாகிவிட்டது, தனக்கே அஞ்சலி ஒட்டுகிறான், இவனை மலைக்கு அப்பால் இருக்கும் பூட்டிய விடுதிக்கு மாற்ற நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று. அங்கே போனால் அனுமதிச் சீட்டு கூடக் கிடையாது. காப்பி, ரொட்டிப் பெட்டி, என் கரண்டி அடி, எதுவும் கிடையாது. அங்கே போய் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

ஆனால் ரலித்சா அந்த மனுவைப் படித்துவிட்டு என் சமையலறையில் குதித்தாள்.

"பாட்டி, கையெழுத்துப் போட்டுட்டாங்க! பொறுப்பாளரே அவர நீதிபதி முன்னால கொண்டு வந்துட்டாங்க. இனி அவர நேர்ல கேக்காம எதுவும் செய்ய முடியாது. ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு அதத்தான் சொல்லுது. கையெழுத்தத் திருப்பிக் குடுங்கன்னு அதே விசாரணையில நாமளும் கேக்கலாம்."

"தோத்தா?"

அவள் குதிப்பது நின்றுவிட்டது. "தோத்தா மலைதான்."

விசாரணைக்கு நானும் போனேன். நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு பெண். மினெவா அம்மா அஞ்சலித் தாளின் நகலை மேசை மேல் வைத்தாள். எந்தக் கம்பத்திலிருந்தும் உரிக்கவில்லை, மிதோவிடம் இன்னொன்று அடித்து வாங்கி வந்திருந்தாள். நீதிபதி அதைப் படித்தார். அப்புறம் பழைய கோப்பைப் புரட்டினார். அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வழக்கப் பத்தி நீதிபதிகளுக்கான பயிற்சி வகுப்புல படிச்சேன். நீங்கதானா அந்த 'கே'?"

"ஆமாங்க. இப்ப முழுப் பேரோட வந்திருக்கேன்."

பேராசிரியர் அம்மாவை நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவளுடைய பூச்சி எழுத்து இந்த நீதிபதிப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கிறது.

"எதுக்கு உங்களுக்கு நீங்களே அஞ்சலி ஒட்டினீங்க?"

"எனக்கு இல்லீங்க, என் கையெழுத்துக்கு. செத்தவங்களுக்குச் சொந்தக்காரங்க ஒட்டுவாங்க. என் கையெழுத்து இந்தக் கட்டடத்திலதான் செத்துச்சு, யாரும் ஒட்டல. வருஷா வருஷம் பொறுத்துப் பாத்தேன். அதுக்கு இருக்கிற ஒரே சொந்தக்காரன் நான்தானே."

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" இது நீதிமன்றம் வரவழைத்திருந்த மருத்துவரின் கேள்வி.

"எனக்குத் தெரியும் டாக்டர். ஊருக்குத்தான் சந்தேகம். அத்தை கோதும வேக வச்சாங்க."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நிஜமா பாட்டி?"

"நிஜம்தாம்மா. தின்னுட்டுச் சர்க்கர பத்தலன்னான். செத்தவன் எவன் குத்தம் சொல்லுவான்?"

அறையில் சிரித்தார்கள். மினெவா அம்மாவின் உதடு கூட அசைந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அந்தத் தாளை மறுபடி படித்தார். "அவன் இல்லாத நேரத்தில்" என்று வாய்விட்டுப் படித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு பிறகு வந்தது. மலை விடுதி இல்லை. பொறுப்பாளர் இல்லை. கையெழுத்து அவனுடையது. மேல்முறையீடு செய்ய மினெவா அம்மாவுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவள் செய்யவில்லை. மேலிருந்து உத்தரவு வரவில்லை என்றாள். அந்த ஒரு தடவை மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு எரிச்சல் வரவில்லை.

அதற்கப்புறம் கடைசி நாள். காலையில் பனித்சா அடுப்பில் வைத்தேன், காப்பி போட்டேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தபால்காரி வந்தாள். தீர்ப்பு உறுதியான காகிதம். கதவுக்கு உள்ளேயே அவனிடம் நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். போட்ட கையெழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் கோணலா வந்துடுச்சு," என்றான். "இன்னொண்ணு போடட்டுமா?"

"ஒண்ணு போதும் அண்ணே, விடு."

ஒரு பையோடு கதவுக்கு வந்தான். வாச்சோ பழக்கத்தில் கையை நீட்டினான்.

"சீட்டு அண்ணே?"

கிரஸ்தான் அவனைப் பார்த்தான். வாச்சோ நீட்டின கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு பூட்டைத் திறந்தான். மினெவா அம்மா படிக்கட்டில் நின்று கத்தினாள்: "போறப்ப கதவச் சாத்திட்டுப் போ!"

சாத்தவில்லை.

நேரே கம்பத்துக்கு வந்தான். மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன தன் தாள் முன்னால் நின்றான். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தான். பாதிதான் வந்தது. தொப்பியும் நெற்றியும் கம்பத்திலேயே ஒட்டிக்கொண்டன. கிடைத்த பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"டேய், காப்பி ஆறுது! பனித்சா இருக்கு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"வர்றேன் அத்தை, வர்றேன்," என்று கையைக் காட்டிவிட்டு நிறுத்தத்தில் நின்ற பேருந்தில் ஏறினான். எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழுதை. ஏறும்போது ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். பின் இருக்கையில் விதை கொறித்துக்கொண்டிருந்த யோர்தான்கா சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.